பந்தற்கால் குழி
ஓவியம் படிக்கப் போன மாரண்டஹள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்த நீங்கள், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்த படங்களை இரண்டு நாளும் வந்து பார்த்தேன். முதல் நாள் கூட்டத்தோடு பார்த்தேன். மறுநாள் மதியம் நீங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தனியாகப் பார்த்தேன். சென்னையிலும் கும்பகோணத்திலும் ஓவியக் கல்லூரியில் படிக்கிறவர்களும், ஹோசூர், பெங்களூர் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்துவிட்டு ராத்திரியில் வரைகிறவர்களும் சேர்ந்து நம் ஊரில் இப்படி ஒன்றைச் செய்வீர்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நாற்பது வருடம் இந்தப் பக்கத்தில் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். ஒரு படத்தைப் பார்ப்பதற்காகவே நம் ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றதை முதல்முறையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன். குறை சொல்ல வருகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

படங்களில் பாதிக்கு மேல் பழைய நகரத்துத் தெருக்கள். காசியின் சந்து, ஜெய்ப்பூர்க் கடைவீதி, கொச்சியின் கோட்டைப் பக்கம், வெனிஸ் கால்வாய், மழை பெய்த பாரிஸ். தண்ணீர் வண்ணத்தை நீங்கள் ஓடவிட்டிருந்த நேர்த்தியில் எனக்குக் கை நடுங்கியது. ஈரத் தரையில் விளக்கு வெளிச்சம் நீளமாக இறங்குவதைத் தாளின் வெள்ளையை விட்டே காட்டியிருந்தார் ஒரு பெண். என் ஆயுசில் அது எனக்கு வந்ததில்லை. ஆனால் நிறையப் படங்களில், வரைந்தவர் எங்கே நின்றார் என்று எனக்குப் புரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தாரா, நடு ரோட்டில் நின்றாரா, மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாரா? அந்தப் பெண்ணிடமே கேட்டேன், "இந்தத் தெருவுக்குப் போயிருக்கிறியாம்மா?" என்று. "இல்லைங்க ஐயா, போன்ல பார்த்து எடுத்தேன்" என்று வெட்கப்பட்டுச் சொன்னார். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. எல்லோரும் பார்த்து எழுதித்தான் கை பழகுகிறோம். கை பழகிவிட்டதே, அடுத்தது என்ன என்பதுதான் என் கேள்வி.

பழைய தெருவை வரைய ஆசைப்படுகிறவர் அந்தத் தெருவில் வேலையில்லாமல், காரணமில்லாமல், பல நாள் நடந்திருக்க வேண்டும். இது எனக்கு மதுரை சொல்லிக்கொடுத்தது.

பத்தொன்பது வயதில் மதுரைக்குப் போனேன். சினிமா பேனர் வரையும் ஒருவரிடம் எடுபிடி வேலை. போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்துக் கொடுப்பேன். வண்ணம் குழைப்பேன். முகத்தைத் தொட விடமாட்டார்; வானம், சட்டை, எழுத்துக்குப் பின்னால் வருகிற சிவப்பு, இவ்வளவுதான் என் பங்கு. ராத்திரி வேலை முடிந்து விடிகாலை நான்கு மணிக்குத் தூக்கம் வராது. எழுந்து நடப்பேன்.

மதுரையின் பழைய ஊர், கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்கு வெளியே சதுரமாக விரிகிறது. ஆடி வீதி கோயில் மதிலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. வெளி வீதியைத் தவிர, மாதங்களின் பெயரையே தெருக்களுக்கு வைத்த ஊர் அது. அதனால் எங்கே தொலைந்தாலும் ஒரு மாதத்தில் போய் நின்றுவிடலாம். இடையில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இரண்டு பெயர்கள் வரும். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது அந்த வேலையைச் செய்த சர்வேயரும் மேஸ்திரியும் அவர்கள். சுவரை இடித்த மேஸ்திரியின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, அங்கே நடக்கும்போது என் கண் வீட்டு முகப்பைவிட அடித்தளக் கல்லைத்தான் தேடும்.

ஒரு மாதம் இப்படி நடந்த பிறகு கீழ மாசி வீதிப் பக்கம் சந்து ஒன்றை வரைந்தேன். ஜன்னல் கம்பி ஒன்றுவிடாமல், ஓடு ஒன்றுவிடாமல் வரைந்தேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் போட்டுட்டே. பந்தக்கால் குழியக் காணோமே அப்பு" என்றார். எனக்கு விளங்கவில்லை. எழுந்து வந்து காலால் காட்டினார். வாசற்படிக்கு ஒரு முழம் தள்ளி, தரைக் கல்லில் வட்டமாக ஒரு குழி. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பந்தற்கால் நடுவதற்கு எந்தக் காலத்திலோ குடைந்தது. மற்ற நாளில் அதில் குப்பையும் மழைத் தண்ணீரும் நிற்கும். ஒரு மாதமாக அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். அந்தக் குழிக்குள் அந்தத் தெருவின் அத்தனை கல்யாணமும் இருந்தது. நான் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்குத்தான் நடப்பதற்கும் வரைவதற்கும் உள்ள உறவு எனக்குப் பிடிபட்டது. தமிழில் நடை என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை இருக்கிறது பாருங்கள். கால் போடும் நடையும் நடைதான், ஒருவர் எழுதும் விதமும் நடைதான், பழைய வீட்டில் வாசலைத் தாண்டி உள்ளே நுழைகிற இருட்டான வழியும் நடைதான்.

மதுரைத் தெருக்களை வரைந்தவர்களில் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டியவர் மனோகர் தேவதாஸ். 1936இல் மதுரையில் பிறந்தவர். வேதியியல் படித்து, சென்னையில் பேட்டரி தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஓவியக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். பேனா மசியில் நுணுக்க நுணுக்கமான கோடுகளால் கோயிலையும் மகாலையும் விளக்குத்தூணையும் வீதிகளையும் யானைமலையையும் வரைந்தார். இளம் வயதிலேயே அவருக்கு விழித்திரை நோய் வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, ஒரு குழாய்க்குள் பார்ப்பது போல ஆகிவிடும் நோய் அது. 1972இல் ஒரு சாலை விபத்தில் அவர் மனைவி மஹிமாவுக்குக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. மனைவியைப் பார்த்துக்கொண்டு, மீதமிருந்த பார்வையை வைத்துக்கொண்டு, அவர் வரைவதை நிறுத்தவில்லை. 1997இல் வந்த 'கிரீன் வெல் இயர்ஸ்' என்ற நாவலில் தன் இளமைக் கால மதுரையை எழுத்தாகவும் படமாகவும் போட்டார். 2007இல் மதுரைக்கென்றே ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தார். 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 டிசம்பரில் காலமானார்.

முழுத் தெருவையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாத ஒருவர் எப்படி முழுத் தெருவை வரைந்தார் என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். சிறு வயதில் அந்தத் தெருக்களில் சுற்றித் திரிந்த கால்கள்தான் அவருக்கு உதவியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கண் துண்டு துண்டாகக் கொடுத்ததைக் கால் வரிசைப்படுத்தியிருக்கும். அவருடைய படத்தில் எந்த மூலைக்குப் பின்னால் என்ன இருக்கும் என்பது பார்க்கிற நமக்கும் தெரிந்துவிடுகிறது. உங்கள் பாரிஸ் தெருவில் அந்த மூலை திரும்பினால் வெறும் தாள்தான் இருக்கிறது, பிள்ளைகளே.

போட்டோவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இடிக்கப்போகும் வீட்டை உடனே போட்டோ எடுத்து வையுங்கள். படத்தை மட்டும் அதிலிருந்து தொடங்காதீர்கள். அதற்கு இரண்டு காரணம், இரண்டும் தொழில் காரணம். செல்போனில் சாதாரணமாக இருக்கும் லென்ஸ் அகலமாகப் பார்க்கிற லென்ஸ். பக்கத்தில் நிற்கும் பைக்கைப் பூதமாக்கி, தெருக்கோடியில் இருப்பதைக் குன்ற வைத்துவிடும். மேல மாசி வீதியில் நின்றால் கோபுரம் நம் தலைமேல் வந்து நிற்பது போல இருக்கும். போனில் அது சுண்டு விரல் அளவு. கண் எவ்வளவு பெரிதாக உணர்ந்ததோ அந்த அளவுக்கு வரைய உங்களுக்கு உரிமை இருக்கிறது, அந்த உரிமையை லென்ஸிடம் கொடுத்துவிடாதீர்கள். அடுத்தது நிழல். வெயிலுக்கு ஏற்றபடி போன் படம் எடுத்தால் நிழல் கறுப்பாகிவிடும். நேரில் பாருங்கள்: வெள்ளையடித்த சுவரின் நிழல் பக்கத்தில் மேலே வானத்து நீலம், கீழே செம்மண் தரையிலிருந்து ஏறுகிற சிவப்பு. நம் ஊரில் சுண்ணாம்போடு நீலம் கலந்து அடிப்பதால் அந்த நீலம் இன்னும் கூடும். சுவர் அடித்துப் பிழைத்தவன் என்பதால் இதை அடித்துச் சொல்வேன், கறுப்பு நிழல் என்று ஒன்று நம் வெயிலில் கிடையாது.

பாரிஸை வரைய ஆசைப்பட்டவர்கள் மொரிஸ் உத்ரிய்யோவைப் பாருங்கள். மோன்மார்த்ர் குன்றில் பிறந்து, அந்தச் சந்துகளையே திரும்பத் திரும்ப வரைந்தவர். அங்கேயிருந்த பழைய சுவர்களின் வெள்ளையைப் பிடிக்க, வண்ணத்தோடு சுவர்ச் சாந்தையே கலந்து பூசினார். ஜப்பானில் ஹிரோஷிகே, சிறு வயதிலேயே அப்பாவிடமிருந்து தீயணைப்புக் காவலர் பதவியைப் பெற்றவர். எடோ நகரம் 1855இல் நிலநடுக்கத்தில் குலைந்தது. அடுத்த வருடம் தொடங்கி 1858இல் சாகும்வரை அந்த நகரத்தின் தெருவையும் பாலத்தையும் மழையையும் நூற்றுக்கும் மேற்பட்ட மரக்கட்டை அச்சுப் படங்களாகப் போட்டார். எங்கே நெருப்புப் பிடிக்கும் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஊரின் ஒவ்வொரு கூரையும் தனித்தனியாகத் தெரிந்திருக்கும்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் மதுரையில் சுற்றினேன்.

1792இல் திப்பு சுல்தானோடு நடந்த போர் முடிந்து, பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு அன்றைக்கு அதுதான் பெயர். போர்ச் செய்தியைப் படித்த லண்டன்காரர்களுக்கு அந்த மலைக்கோட்டைகள் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசை. அதே வருடம் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஓவியர்கள் சென்னையிலிருந்து பல்லக்கும் பரிவாரமுமாகத் தெற்கே கிளம்பினார்கள். நமக்கு வடக்கே ரயிலில் கொஞ்ச தூரம் போனால் வருகிற ராயக்கோட்டையை வரைந்தார்கள். வீரபத்திர துர்க்கத்தை வரைந்தார்கள். அதே பயணத்தில் மதுரைக்குப் போய்ப் புதுமண்டபத்தையும் சிதைந்த அரண்மனையையும் வரைந்தார்கள். பாராமகால் படங்கள் பின்னால் அச்சாகின. 144 படங்கள் கொண்ட அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி' வரிசை பிரசித்தம். நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். பாறையின் கனம், தூரத்து மலையின் மங்கல், மேகத்தின் ஈரம் எல்லாம் அப்படியே இருக்கும்.

ஆனால் அவர்கள் மலையைப் பார்த்தார்கள், கோட்டையைப் பார்த்தார்கள். கோட்டைக்குக் கீழே பேட்டையில் இருந்த தெரு அவர்களைக் கூப்பிடவில்லை. ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அடையாளம்தான் வேண்டும், அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் இருநூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தத் தெருவை யாரும் வரையவில்லை என்பது என்னை உறுத்துகிறது. மல்லப்பாடிப் பாறையில் வெள்ளைக் கோட்டில் குதிரைவீரனை வரைந்துவைத்தவன் நம் பக்கத்து ஆள். நடுகல்லில் அம்பு தைத்த மறவனைக் கொத்தியவனும் நம் பக்கத்து ஆள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் போய்ப் பாருங்கள், எத்தனை நடுகற்கள். செத்த வீரனுக்குப் படம் இருக்கிறது, அவன் நடந்த தெருவுக்கு இல்லை.

டேனியல்களைப் போலத் தள்ளி நிற்காமல், இடத்திலேயே உட்கார்ந்து வரைந்தவர் ஒருவர் நம் பழைய சேலம் மாவட்டத்திலேயே பிறந்திருக்கிறார். நாமக்கல்லில் 1919இல் பிறந்த சீனிவாசன். சில்பி என்றால் உங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும். நாமக்கல் கவிஞர் சொல்லித்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1850இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைக்கு உங்களில் சிலர் படிக்கிற கல்லூரி. ஆனந்த விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னால் உட்கார்ந்தே வரைந்தார். அவர் கோயிலுக்குள் செய்ததை வெளியே வீதியில் செய்ய ஆள் வேண்டும்.

"மாரண்டஹள்ளியில இன்னா இருக்குதுன்னு வரையறது?" என்று உங்களில் ஒரு தம்பி என்னிடமே கேட்டார். நல்ல கேள்விதான், பதில் சொல்கிறேன்.

பெயரிலேயே ஹள்ளி என்ற கன்னடச் சொல் இருக்கிற ஊர் இது. கடைவீதியில் பத்தடி நடப்பதற்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். தக்காளிக் காலத்தில் விடிவதற்கு முன்னால் பெட்டி பெட்டியாக வண்டி ஏறும். அந்த நேரத்தில் தெருவிளக்கு வெளிச்சத்தில் தக்காளியின் சிவப்பு, பகலில் பார்க்கிற சிவப்பே இல்லை. பழைய கடைகளில் ஷட்டர் கிடையாது. பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் இருக்கும், அந்த வரிசையில்தான் தடத்தில் செருக வேண்டும். அந்த எண்களில் பாதி என் கையால் எழுதியவை. எனாமலில் எழுதினேன், முப்பது வருடம் கழித்தும் நிற்கின்றன. ஃபிளெக்ஸ் வந்த பிறகு போர்டு எழுத்து போயிற்று, ஷட்டர் வந்த பிறகு பலகையும் ஒவ்வொரு கடையாகப் போகிறது. போன ஆடியில் ஒரு கடையில் அந்தப் பலகைகளை விறகுக்குப் போட்டிருந்தார்கள். ஏழு மட்டும் எரியாமல் கிடந்தது. எடுத்து வந்து வீட்டில் வைத்திருக்கிறேன்.

நாட்டு ஓடு போய், மங்களூர் ஓடு வந்து, அது போய்த் தகரம் வந்து, அதுவும் போய் மொட்டை மாடி வந்த கதை முழுவதும் ஒரே தெருவில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் நிற்கிறது. கல் பலகையை நட்டு வேலியாக்கிய கொல்லைப்புறங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் நான் காவியில் எழுதிய விளம்பரத்தின் மேல் யாரோ நீலம் அடித்து, நீலம் உரிந்து காவி எட்டிப் பார்க்கிற சுவர்கள் இருக்கின்றன. மதுரையில் நடந்து பழகியிருக்காவிட்டால் இதெல்லாம் என் கண்ணில் பட்டிருக்காது. அதனால் பழைய நகரங்களுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. போங்கள். கும்பகோணத்தில் இருக்கிறவர்கள் விடுதியை விட்டு இறங்கிக் குளக்கரைத் தெருக்களில் நடங்கள், சென்னையில் இருக்கிறவர்கள் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் நடங்கள். நோட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு முதல் வாரம் சும்மா நடங்கள். அந்தக் கண்ணோடு ஊருக்குத் திரும்பி வாருங்கள். மதுரையிலிருந்து திரும்பிய வருடம், எங்கள் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் கால் இடறியது. குனிந்து பார்த்தால் பந்தற்கால் குழி. பிறந்ததிலிருந்து அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

இரண்டொரு கைப்பழக்கம் மட்டும் சொல்கிறேன். ஒரே தெருவை விடியலிலும் உச்சியிலும் சாயங்காலத்திலும் விளக்கு வைத்த பிறகும் போய்ப் பாருங்கள். எந்த வேளை அந்தத் தெருவுக்குச் சொந்தம் என்று அதுவே சொல்லும். கண்மட்டக் கோட்டை முதலில் போடுங்கள். திண்ணையில் உட்கார்ந்து வரைந்தால் அது வேறு, நின்று வரைந்தால் வேறு. நடுவில் எழுந்து நின்றுவிட்டால் படம் கெட்டுப்போகும். நம் தெரு மேடும் பள்ளமுமாக இருப்பதால் மறையும் புள்ளி ஒன்றாக இருக்காது, ஸ்கேல் வைக்காதீர்கள். சுவர் வெள்ளைக்குத் தாளை விடுங்கள். யாராவது வந்து எட்டிப் பார்த்தால் நோட்டை மூடாதீர்கள். எதைக் காணோம் என்று அவர்களிடமே கேளுங்கள்.

சித்திரையில் மறுபடியும் விடுமுறைக்கு வருவீர்கள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ரயில் நிலையத்து வாசலில் நிற்பேன். அங்கிருந்து கடைவீதி வழியாகக் கோயில் வரைக்கும் நடப்போம். முதல் நாள் யாரும் வரைய வேண்டாம். பலகையும் கிளிப்பும் என்னிடம் பத்துப் பேருக்கு இருக்கிறது, தாள் மட்டும் கொண்டு வாருங்கள். தண்ணீருக்குப் பிரச்சினையில்லை, வழியில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு சொம்பு கொடுப்பார்கள். அப்படிக் கேட்கும்போது அந்த வீட்டு நடையையும் ஒரு தடவை உள்ளே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் போர்டு எழுதுகிறவர்,
மாரண்டஹள்ளி